கழற்றிய எஸ்எஸ்டிக்கு ஒரு கேஸிங்: கல்யாண ஸ்டூடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மதுரையில் இருவர் சேர்ந்து நடத்தும் சிறிய கல்யாண ஸ்டூடியோ. உரிமையாளருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கேமரா அவர் கையில். எடிட்டிங் முழுவதையும் ஓர் இளம்பெண் பார்க்கிறார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கருவிகளைச் சரிபார்ப்பது, மாற்றுவது எல்லாம் அந்த மாதத்தில்தான் நடக்கும். அப்படி ஓர் ஆடியில், ஸ்டூடியோ லேப்டாப்பில் இருந்த 512 ஜிபி எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் சேமிக்கும் டிரைவ்) கழற்றிவிட்டு 1 டிபி எஸ்எஸ்டி போட்டார்கள். லேப்டாப்பில் இருந்தது ஒரே ஒரு ஸ்லாட். புதியதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். பழையது மேசை டிராயருக்குள் போய்விட்டது.

அது நல்ல நிலையில் இருந்த டிரைவ். ஒரு கேஸிங்கில், அதாவது டிரைவை யூஎஸ்பி வழியாக வெளியே இருந்து இணைக்கும் பெட்டியில், போட்டுக்கொண்டால் மண்டபத்தில் எடுத்ததை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரவும், அதிலிருந்தே எடிட் செய்யவும், ஆல்பம் வடிவமைப்பவருக்குக் கொடுத்தனுப்பவும் உதவும் என்று உரிமையாளர் நினைத்தார். சரியான நினைப்புதான். அதுவரை இந்த வேலைகளுக்கு இருந்தது ஒரு 2.5 அங்குல போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 100 எம்பியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். செலவு 2,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்பது அவர் வைத்த எல்லை.

கடைகளுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் கணினி வேலை பார்ப்பவன் நான். முதலில் வாங்கிய கேஸிங் பொருந்தாமல் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்தவற்றை இருவரும் சொன்னபடி எழுதுகிறேன்.

## முதல் கேஸிங்

உரிமையாளர் இணையத்தில் தேடி 450 ரூபாய்க்கு ஒன்றை வாங்கியிருந்தார். தலைப்பில் ‘எம்.2 எஸ்எஸ்டி கேஸிங், யூஎஸ்பி 3.0’ என்று இருந்தது. விவரப் பட்டியலின் அடியில், சாட்டா வகைக்கு மட்டும் என்று ஒரு வரி. அதை அவர் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

டிரைவ் முழுதாக உள்ளே போகவில்லை. புதுசு என்பதால் டைட்டாக இருக்கும் என்று நினைத்து அவர் கட்டை விரலால் அழுத்தப் பார்த்திருக்கிறார். “அண்ணே, அழுத்தாதீங்க, பின் உடைஞ்சிடும்” என்று எடிட்டர் தடுத்ததால் டிரைவ் பிழைத்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பொருந்தாத எம்.2 டிரைவை அழுத்தி ஏற்றிக் கெடுத்தவர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

## டிரைவைப் படித்தோம்

எம்.2 என்பது அந்தப் பலகையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. ஒரே வடிவத்துக்குள் இரண்டு வெவ்வேறு இனங்கள் இருக்கின்றன. ஒன்று சாட்டா, அதன் உச்சம் நொடிக்கு சுமார் 550 எம்பி. மற்றது என்விஎம்இ, பிசிஐஇ என்ற கணினியின் உள் வேகப் பாதை வழியாகப் பேசுவது, பல மடங்கு வேகமானது. கேஸிங்குக்குள் இருக்கும் சிறிய பிரிட்ஜ் சிப்தான் டிரைவின் பேச்சை யூஎஸ்பிக்கு மாற்றிக் கொடுக்கிறது. சாட்டா மட்டும் தெரிந்த சிப்பிடம் என்விஎம்இ டிரைவைக் கொடுத்தால் எதுவும் நடக்காது.

ஸ்டூடியோவின் டிரைவில் ஒட்டியிருந்த லேபிளில் என்விஎம்இ என்றே அச்சிட்டிருந்தது. தங்க நிறப் பின் வரிசையில் ஒரே ஒரு வெட்டு. அந்த இடத்தில் வெட்டு இருந்தால் எம் கீ என்று பெயர். வாங்கிய கேஸிங்கின் ஸ்லாட் பி கீ, வேறு இடத்தில் வெட்டு இருக்கும் டிரைவுக்கானது. ஆகவே அது உள்ளே போக வழியே இல்லை. சாட்டா எம்.2 டிரைவ்களில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், அதனால் அவை இரண்டு வகை ஸ்லாட்டிலும் நுழையும். இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு வெட்டுள்ள சாட்டா டிரைவ், என்விஎம்இ மட்டும் தெரிந்த கேஸிங்குக்குள் அழகாக உட்காரும். கணினியில் மட்டும் தெரியவே தெரியாது. டிரைவ் போய்விட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. வெட்டுகளை எண்ணுவதோடு நிற்காமல் லேபிளையும் படிக்க வேண்டும்.

நீளத்தையும் அளந்தோம். 2280, அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். சிறிய லேப்டாப்களில் 2230, 2242 அளவுகளும் வருகின்றன. அவற்றுக்குக் கேஸிங்கில் திருகு போடும் துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேஸிங்கை விற்றவர் திருப்பி எடுத்துக்கொண்டார்.

## போர்ட்டுகளைப் பார்த்தோம்

அடுத்து எதை வாங்கலாம் என்பதற்கு முன், இந்த டிரைவ் எந்தெந்தக் கணினிகளில் செருகப்படும் என்று கேட்டேன். மூன்று.

மண்டபத்துக்குக் கொண்டுபோகும் லேப்டாப்பில் ஒரு டைப்-சி போர்ட் 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்). மற்றவை 5 ஜிபிபிஎஸ். எடிட்டிங் நடக்கும் டெஸ்க்டாப் பழையது. பின்பக்கம் நீல நிற 5 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள், சில கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டுகள், முன்பக்கம் இரண்டு நீலப் போர்ட்டுகள். ஆல்பம் வடிவமைப்பவரிடம் ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்.

வேகத்தின் பெயர்கள் வாங்குபவரைக் குழப்புவதற்கென்றே வைத்தவை போல இருக்கும். 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று வந்த அதே 5 ஜிபிபிஎஸ், பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதன் பிறகு 3.2 ஜென் 1 ஆனது. அட்டைப்பெட்டியில் 3.2 என்று இருந்தால் புதுசு, வேகமானது என்று பொருள் கிடையாது. எத்தனை ஜிபிபிஎஸ் என்று போட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். 5 என்றால் நடைமுறையில் நொடிக்கு 400 எம்பிக்குச் சற்று மேல், 10 என்றால் ஏறக்குறைய 1,000 எம்பி.

உரிமையாளருக்கு இன்னொரு எதிர்பார்ப்பும் இருந்தது. “மண்டபத்துல கார்டை மாத்தி மாத்திக் காப்பி போடுறதுக்கு ரொம்ப நேரம் ஆகுது தம்பி, இது வந்தா குறையும்ல?” என்று கேட்டார். குறையாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவருடைய எஸ்டி கார்டுகள் யுஎச்எஸ்-1 வகை. அந்த வழியின் உச்சமே நொடிக்கு 104 எம்பி. கார்டு கொடுப்பதை விட வேகமாக எஸ்எஸ்டியால் வாங்க முடியாது. லேப்டாப்பில் இருந்து டெஸ்க்டாப்புக்கு மாற்றும்போதுதான் நேரம் மிச்சமாகும். பொருளை வாங்கும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. வாங்கிய பிறகு தெரிந்தால் பழி கேஸிங் மேல் விழும்.

## எதை வாங்குவது என்று முடிவெடுத்தது

கையில் இருந்த வழிகள் நான்கு. 10 ஜிபிபிஎஸ் என்விஎம்இ கேஸிங், 20 ஜிபிபிஎஸ் கேஸிங், 40 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி4 கேஸிங், அல்லது ஆயத்தமாக வரும் போர்ட்டபிள் எஸ்எஸ்டி.

கடைசியை முதலில் விட்டோம். நல்ல டிரைவ் கையில் இருக்கும்போது இன்னொன்றுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. யூஎஸ்பி4 கேஸிங் எல்லையைப் பல மடங்கு தாண்டியது. 20 ஜிபிபிஎஸ் கேஸிங்கை வாங்கச் சொல்லி ஒரு கடைக்காரர் உரிமையாளரிடம் வற்புறுத்தியிருந்தார். அது ஜென் 2×2 என்ற வகை. எதிர்ப்பக்கப் போர்ட்டும் அதே வகையாக இருந்தால்தான் அந்த வேகம். இவர்களுடைய மூன்று கணினிகளில் ஒன்றிலும் அது இல்லை. மேக்புக்கில் 40 ஜிபிபிஎஸ் போர்ட் இருந்தாலும் 2×2 கேஸிங்கை அது 10-இல்தான் ஓட்டும். கூடுதல் பணத்துக்கு ஒரு பலனும் கிடைத்திருக்காது.

வேலைக்கு எவ்வளவு வேகம் தேவை என்றும் கணக்குப் போட்டோம். இவர்கள் கேமராவில் 4கே பதிவு 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. நான்கு கேமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 50 எம்பிதான். டெஸ்க்டாப்பின் 5 ஜிபிபிஎஸ் போர்ட்டே தாராளம்.

ஆக 10 ஜிபிபிஎஸ். அந்த விலையில் எத்தனையோ பெயர்களில் கேஸிங்குகள் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் சிப்கள் சிலவே. ரியல்டெக்கின் ஆர்டிஎல்9210பி, ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ்583, ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்2362 ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. பின்னிரண்டும் என்விஎம்இக்கு மட்டும். ஆர்டிஎல்9210பி சாட்டாவையும் புரிந்துகொள்ளும். இனி எந்த லேப்டாப்பில் இருந்து எந்த டிரைவ் கழன்று வரும் என்று ஸ்டூடியோவுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் ஏற்பதைத் தேர்ந்தோம். சிப்பின் பெயரை விவரத்தில் வெளிப்படையாகப் போட்டிருந்தது, அலுமினியப் பெட்டி, தெர்மல் பேட் (சிப்பின் சூட்டைப் பெட்டிக்குக் கடத்தும் மெல்லிய பட்டை), டைப்-சி இருமுனைக் கேபிள் ஒன்று, டைப்-சியில் இருந்து டைப்-ஏ கேபிள் ஒன்று, விலை 1,500 ரூபாய்க்குள். சிப் பெயரைச் சொல்லாத கேஸிங்கை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

## பூட்டிய டிரைவ்

கேஸிங் வந்து, டிரைவைப் போட்டு, டெஸ்க்டாப்பில் செருகியதும் டிரைவ் உடனே தெரிந்தது, பூட்டுப் படத்தோடு. திறக்க 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

“நான் லாக்கே போடலையே தம்பி” என்றார் உரிமையாளர். உண்மைதான், அவர் போடவில்லை. விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், டிரைவைக் குறியாக்கம் செய்யும் வசதி தானாகவே இயங்கிவிடுவது உண்டு. சாவி லேப்டாப்பின் பலகையில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கும். டிரைவ் அந்த லேப்டாப்புக்குள் இருக்கும்வரை தானாகத் திறந்துகொள்ளும். வெளியே எடுத்து வேறு கணினியில் செருகியதும் சாவியைக் கேட்கும். திருட்டுப் போன லேப்டாப்புக்கு இது நல்ல காவல். இங்கே உள்ளே இருந்தவையோ வைகாசியில் எடுத்த இரண்டு கல்யாணங்களின் காட்சிகள். ஒன்றுக்கு ஹார்ட் டிஸ்க்கில் நகல் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை.

எடிட்டர் முகம் வாடிவிட்டது. அவசரப்பட்டு ஃபார்மேட் செய்ய வேண்டாம் என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொண்டேன். பூட்டுத் திரையில் சாவியின் அடையாள எண் வரும். அதே எண்ணோடு மீட்புச் சாவி, லேப்டாப்பை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் வாங்கிய அன்று அதை அமைத்துக் கொடுத்தது உரிமையாளரின் அக்கா மகன். அவருடைய சொந்த மின்னஞ்சலைப் போட்டிருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் அவரைத் தொலைபேசியில் பிடித்தோம். கணக்கில் நுழைந்து பார்த்து, அடையாள எண் ஒத்துப்போவதைச் சொல்லி, 48 இலக்கங்களையும் அனுப்பினார். டிரைவ் திறந்தது.

அவர் கிடைத்திருக்காவிட்டால், டிரைவைத் திரும்ப அதே லேப்டாப்பில் மாட்டி அங்கே குறியாக்கத்தை நீக்க முயன்றிருப்போம். டிபிஎம்மை யாரும் அழித்திருக்காவிட்டால் அது பலித்திருக்கும். இந்த நிகழ்வில் உண்மையாகவே ஆபத்து இருந்த இடம் இதுதான். கேஸிங்கைத் தவறாக வாங்கினால் சில நூறு ரூபாய் போகும். ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் காட்சி போனால் யார் என்ன கொடுத்தும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

## ஃபார்மேட்

காட்சிகளை ஹார்ட் டிஸ்க்கிலும் டெஸ்க்டாப்பிலும் இரண்டு நகல்களாக வைத்த பிறகு டிரைவை ஃபார்மேட் செய்தோம். விண்டோஸின் வழக்கமான கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் வைத்தால் மேக்புக்கில் படிக்கலாம், எழுத முடியாது. ஆல்பம் வடிவமைப்பவர் முடித்த கோப்புகளை அதே டிரைவில் திருப்பி அனுப்புவார் என்பதால் இரண்டிலும் எழுத முடிகிற எக்ஸ்ஃபேட் போட்டோம். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்பு அட்டவணையே குலைய வாய்ப்புண்டு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இருந்து வெளி டிரைவ்களை உடனே கழற்றத் தோதான அமைப்புதான் இயல்பாக இருக்கிறது. ஆனாலும் ‘இஜெக்ட்’ கொடுத்துவிட்டே எடுக்க வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

## வேகம் விழுந்தது, சூடு ஏறியது

லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் சோதித்தபோது நொடிக்கு 900 எம்பியைத் தாண்டியது. டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் 430 அளவில் நின்றது. இரண்டும் எதிர்பார்த்தவைதான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பிறகு எடிட்டரிடம் இருந்து வெவ்வேறு புகார்கள் வந்தன.

முதலாவது, ஒருநாள் வேகம் 40 எம்பிக்குள் சுருங்கிவிட்டது. பார்த்தால், கேஸிங்கோடு வந்த கேபிளுக்குப் பதில் மொபைல் சார்ஜர் கேபிள். பெரும்பாலான சார்ஜர் கேபிள்களுக்குள் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும்; முனை ஒன்று போலத் தெரிந்தாலும் 480 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. சரியான இரண்டு கேபிள்களிலும் சிவப்பு டேப் சுற்றினோம்.

இரண்டாவது, டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட்டில் பெரிய காப்பி போடும்போது டிரைவ் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வந்தது. 5 ஜிபிபிஎஸ் டைப்-ஏ போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்ப், அதாவது 4.5 வாட். எழுதும் நேரத்தில் என்விஎம்இ டிரைவ் அதைத் தொட்டுவிடும், சில டிரைவ்கள் தாண்டவும் செய்யும். முன்பக்கப் போர்ட் கேபினெட்டுக்குள் ஓடும் மெல்லிய வயர் வழியாக வருவதால் மின்னழுத்தம் இன்னும் குறையும். மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றியதும் அறுபடுவது நின்றது.

மூன்றாவதுதான் நேரம் எடுத்தது. பெரிய காப்பியில் முதல் சில பத்து ஜிபி முழு வேகத்தில் போகும், பிறகு 250 எம்பி சுற்றுவட்டாரத்துக்கு இறங்கிவிடும். சூடுதான் காரணம் என்று எடிட்டர் நினைத்தார், கையில் தொட்டால் பெட்டி சுட்டது. வேறொரு காரணமும் இருக்கலாம்: எஸ்எஸ்டிகள் தம் நினைவகத்தின் ஒரு பகுதியை வேகமான எஸ்எல்சி கேஷாக (வரும் தரவை முதலில் வாங்கிவைக்கும் தற்காலிக இடம்) வைத்திருக்கும், அது நிரம்பியதும் உண்மையான எழுதும் வேகம் வெளியே தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, டிரைவை நன்றாக ஆறவிட்டு, மேசை விசிறிக்கு முன்னால் வைத்து, அதே காப்பியைத் திரும்பப் போட்டோம். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் வெப்பம் 50 டிகிரியை ஒட்டியே இருந்தது. வேகம் ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தது. ஆக அது கேஷ். இதைச் சரிசெய்ய எந்தக் கேஸிங்காலும் முடியாது. டிரைவ் நிரம்ப நிரம்ப இந்தக் கேஷ் சுருங்கும் என்பதால் 100 ஜிபியாவது எப்போதும் காலியாக வைக்கச் சொன்னேன்.

சூடும் பொய்யில்லை. மண்டபத்தில் கேமராப் பைக்குள் துணியோடு வைத்துக் காப்பி போட்ட அன்று 78 டிகிரி காட்டியது. வேகம் இன்னும் கீழே போனது. கேஸிங்கைத் திறந்து பார்த்தேன். தெர்மல் பேட்டின் ஒரு பக்கத்துப் பாதுகாப்புத் தாள் உரிக்கப்படாமல் இருந்தது. முதல் நாள் பூட்டுத் திரைப் பரபரப்புக்குப் பிறகு மூடியை மாட்டியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. தாளை உரித்து, பேட் சிப்கள் மேல் முழுதாகப் படியும்படி வைத்து மூடியபின், வெளிக்காற்று படும் இடத்தில் 65-ஐத் தாண்டவில்லை. பெட்டியின் வெளிப்புறம் முன்னைவிடச் சீக்கிரம் சூடானது. அது கெட்ட அறிகுறி அல்ல. சிப்பின் சூடு அலுமினியத்துக்கு வந்து சேர்கிறது என்று பொருள்.

## ஆவணிக்குப் பிறகு

சீசன் முழுவதும் அந்த டிரைவ் ஓடியது. லேப்டாப்பில் இருந்து டெஸ்க்டாப்புக்கு மாற்ற ஆகும் நேரம் ஹார்ட் டிஸ்க் காலத்தைவிடப் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எடிட்டர் இப்போது நேரடியாக வெளி டிரைவில் இருந்தே டைம்லைனை ஓட்டுகிறார். மண்டபத்தில் கார்டு காப்பி மட்டும், சொன்னபடியே, பழைய வேகத்தில்தான்.

முடிந்த கல்யாணங்களை இதிலேயே போட்டு பீரோவில் வைத்துவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். சிப் தொழில்துறை அமைப்பான ஜெடெக்கின் தரவிதி சாதாரணப் பயனர் டிரைவுக்குக் கேட்பது, எழுதும் ஆயுளை முடித்த நிலையில் 30 டிகிரியில் ஓராண்டு தாங்குவதை. புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் மதுரை வெயிலில் பீரோவுக்குள் 30 டிகிரியை எதிர்பார்க்க முடியாது. நெடுநாள் காப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில் என்று வைத்துக்கொண்டார்கள்.

## அடுத்த முறை மாற்றுபவை

கழற்றுவதற்கு முன் விண்டோஸ் அமைப்புகளில் சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துவது, நிறுத்திய பின் குறியாக்கம் முழுதாக நீங்கும்வரை காத்திருப்பது. இது எனக்கு முதல் இடத்தில் இருக்கிறது. லேப்டாப்பை அமைக்கும் நாளில் உரிமையாளரின் மின்னஞ்சலையே கொடுப்பதும் இதோடு சேர்ந்தது. அக்கா மகன் நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் சாவி அதற்கு உரியவரிடம் இருக்க வேண்டும். அப்புறம், கேஸிங்கை மூடுவதற்கு முன் பேட்டின் இரு பக்கத் தாளையும் உரித்தாயிற்றா என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டுவது.

தைக்கு முன் டெஸ்க்டாப்பில் இருக்கும் 240 ஜிபி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் மாறப் போகிறது. அதை ஆல்பம் வடிவமைப்பவருக்கே கொடுத்துவிடுவதாகத் திட்டம். அதற்கு 10 ஜிபிபிஎஸ் கேஸிங் தேவையில்லை. சாட்டாவின் உச்சமே 550 எம்பி, எடுத்துப்போவது ஆல்பம் கோப்புகள். யுஏஎஸ்பி (யூஎஸ்பி வழி டிரைவை வேகமாக இயக்கும் முறை) ஆதரவு உள்ள 5 ஜிபிபிஎஸ் பெட்டி, 500 ரூபாய்க்குள், போதும். மிச்சமாகும் பணத்தில் கார்டு காப்பியை வேகப்படுத்த யுஎச்எஸ்-2 கார்டும் ரீடரும் வாங்க உரிமையாளர் விலை விசாரித்து வருகிறார். அவர் கேமரா ஸ்லாட் யுஎச்எஸ்-2-ஐ ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஏற்காவிட்டாலும் ரீடரில் காப்பி போடும் வேகம் கூடும்.